முந்தின நாள் வெடி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இது தொண்டையைத் திறந்து சொல்லுகிற கதை இல்லை, பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கேட்காமல் சொல்ல வேண்டிய கதை, ஏனென்றால் அந்தச் சுவருக்கும் இதில் பங்கு உண்டு, எனக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊர் சேராப்பாறை. கல்வராயன் மலையில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏழு மைல் ஏற்றம். நாற்பது வீடு, சாமைக் கொல்லை, பலா, கடுக்காய், நிறைய காற்று. அந்த நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு துப்பாக்கி. வாய் வழியாக மருந்து கொட்டிக் குச்சியால் இடித்துக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிதான், ஆனால் குழல் ரொம்பச் சன்னம், சுண்டுவிரல் நுனியை வைத்தால் அங்கேயே நிற்கும், கீழ்நாட்டுக்காரர்கள் பார்த்தால் இது என்னப்பா ஊதுகுழலா என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஊரில் யார் செத்தாலும் பிணத்தைக் குழியில் இறக்கியதும் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்போம். அந்த வெடி கேட்டால்தான் போனவருக்குத் தாம் போய்விட்டோம் என்று தெரியும், இருக்கிறவருக்கு மண்ணைத் தள்ளலாம் என்று தெரியும். வெடிக்கு முன்னால் ஒரு பிடி மண்கூட விழக் கூடாது.

அதற்கு மட்டும்தான் அந்தத் துப்பாக்கி. பன்றிக்குச் சுடக் கூடாது, முயலுக்குச் சுடக் கூடாது, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சுடக் கூடாது. மற்றத் துப்பாக்கிகளைச் சர்க்கார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது, எங்கள் ஊர்க்கவுண்டர் சின்னாண்டி அதிகாரிகளிடம் அப்படிச் சத்தியம் பண்ணித்தான் இதை ஒன்றை மீட்டு வந்தார், அந்தச் சத்தியத்தை எங்கள் எல்லோரிடமும் கோயிலில் வைத்து மறுபடி வாங்கினார். அதைத் தூக்குகிற முறை எங்கள் வீட்டுக்கு. என் அப்பனுக்குப் பிறகு என் அண்ணன் தீர்த்தன். தீர்த்தனுக்குப் பிறகு சடையனாகிய நான்.

நான் முதன்முதலாகத் தூக்கியது என் அண்ணனுக்குத்தான்.

அப்போது அது திரித் துப்பாக்கி. கயிற்றுத் திரியைக் கொளுத்தி, ஊதி ஊதிக் கங்கு சாகாமல் வைத்திருந்து, விசையை இழுத்தால் திரி குனிந்து மருந்தைத் தொடும், தொட்ட பிறகும் ஒரு மூச்சு விட்டுத்தான் வெடிக்கும். அண்ணனைக் குழியில் இறக்கினதும் மழை பிடித்துக்கொண்டது, ஐப்பசி மழை, நிறுத்தவில்லை. திரி அணைந்தது. கொளுத்தினேன், அணைந்தது. குடைக்குள் வைத்துக் கொளுத்தினேன், மருந்து நனைந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் என் அண்ணன் குழியில் தண்ணீருக்குள் கிடந்தான், வெடி இல்லாமல் யாரும் மண் தள்ளவில்லை, அண்ணி வெள்ளச்சி குழிக்குள் இறங்கி அவன் முகத்துக்கு மேலே தன் சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், மழை நின்று மருந்து மாற்றி நான் சுடுகிற வரைக்கும் அப்படியே நின்றாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது எனக்கு ஐந்து வயசு, தாய் இல்லை, எனக்குச் சோறு பிசைந்து ஊட்டி வளர்த்தவள் அவள். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அந்த மழைக்குப் பிறகுதான் கேப்பு போடுவது என்று முடிவு பண்ணினேன்.

காபித் தோட்டத்துக் காவல்காரர் ஒருவரிடம் குழல் பிளந்துபோன பழைய துப்பாக்கி ஒன்று கிடந்தது. இரண்டு குடம் தேனைக் கொடுத்து அதிலிருந்து குதிரையும் காம்பும் விசைத்தகடும் கழற்றிக்கொண்டு வந்தேன், கேப்பு ஒரு டப்பாவும் கொடுத்தார். கேப்பு என்றால் செம்பில் செய்த சின்னத் தொப்பி, பாசிப்பயறுக்குத் தொப்பி தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. உள்ளே அடி பட்டால் பொறி விடுகிற மருந்து ஒட்டியிருக்கும். குழலின் அடியில் ஒரு இரும்புக் காம்பு, அதன் தலையில் இந்தத் தொப்பி, அதன் மேல் சுத்தியல் மாதிரிக் குதிரை வந்து ஒரு அடி, அவ்வளவுதான், பொறி காம்புக்குள் இருக்கிற துளை வழியாக உள்ளே ஓடிவிடும். திரி வேண்டாம், ஊத வேண்டாம், வானத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட வேண்டாம்.

சொல்ல லேசு. பெரிய துப்பாக்கியின் சாமான் சின்னத் துப்பாக்கிக்கு உட்காருமா? எங்கள் குழலின் சுவர் சன்னம், பொறி உள்ளே போகிற காதுத் துளையைப் பெரிசாக்கி மரை வெட்டினால் பிளந்துவிடும் என்று பயம், மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன், காம்பைத் தேய்த்துத் தேய்த்துச் சிறுசாக்கித் திருகினேன், உட்கார்ந்துவிட்டது. குதிரைதான் படியவில்லை. அது காம்பின் தலையில் நேராக விழ வேண்டும், என்னுடையது ஒரு அரிசி அளவு முந்தி விழுந்தது. அராவினேன், முந்தியது. வளைத்தேன், முந்தியது. கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, பதினெட்டு நாள் ஆகியும் அந்த அரிசி அளவு போகவில்லை, கேப்பு மேல் விளிம்பாவது படுகிறதே போதும் என்று விட்டுவிட்டேன். பின்னால் நடந்ததற்கு அந்த அரிசி அளவுதான் காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. எவ்வளவோ கோணல் குதிரைகள் உலகத்தில் இருக்கின்றன.

அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டிப் பீற்றிக்கொண்டேன். இனிமே விசையை இழுக்கறதுக்கு முன்னாலயே வெடிக்கும் பாருங்க அண்ணி என்றேன். அவள் காம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"முன்னால எதுக்குடா? அந்தந்த நேரத்துக்கு வெடிச்சாப் போதும்."

சாவு இல்லாமல் சுட்டுப் பார்க்கக் கூடாது என்று கவுண்டர் சொல்லிவிட்டதால் அப்படியே ஆணியில் மாட்டி வைத்தேன். ரெண்டு மாதம் கழித்து, தை மாதம், ஊர் முழுக்கச் சாமை அடித்துக்கொண்டிருந்த முற்பகலில் இடுகாட்டுப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. கணீரென்று, மலையில் மோதித் திரும்பி வந்து இன்னொரு தரம் கேட்டது. காக்காய்கள் எழும்பிச் சுற்றின. நான் வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன், துப்பாக்கி ஆணியில் தொங்கியது, மருந்து இல்லை, கேப்பு இல்லை, குழல் பானை போலக் குளிர்ந்து கிடந்தது. அன்றைக்கு ராத்திரியே பச்சையன் தாத்தா தூக்கத்தில் போய்விட்டார். மறுநாள் முற்பகல் அவரைக் குழியில் இறக்கி, நான் வானத்தைப் பார்த்து விசையை இழுத்தேன், குதிரை விழுந்தது, தோளில் உதைத்தது, புகை வந்தது. சத்தம் வரவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. காக்காய்கள் மரத்திலேயே உட்கார்ந்திருந்தன. அவை நேற்றே பயந்துவிட்டிருந்தன.

 கவுண்டர் தாடியைச் சொறிந்துகொண்டு, வெடி கேட்டாச்சா என்று கேட்டார். நேத்து கேட்டாச்சு என்றார்கள். அப்புறம் என்ன, மண்ணைத் தள்ளுங்க என்றார். தள்ளினோம்.

அடுத்த சாவுக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும் அப்படித்தான். சுடுவதற்குச் சரியாக ஒரு நாள் முன்னால், அதே நேரத்துக்கு, இடுகாட்டில் வெடி. மூன்றாவது சாவில் ஊர் பழகிவிட்டது, ஐந்தாவது சாவில் அதுதான் வழக்கம் என்று ஆகிவிட்டது, வேறு ஊர்களில் முன்கூட்டிச் சத்தம் வராது என்று சொன்னால் எங்கள் பிள்ளைகள் அந்த ஊர்க்காரர்களைப் பாவம் என்றார்கள். வெடி கேட்டதும் கொல்லையில் இருக்கிறவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வெளியூருக்குக் கட்டிக் கொடுத்த பெண்களுக்கு ஆள் போகும், அவர்கள் யாருக்கு என்று தெரியாமலே அழுதுகொண்டு வந்து சேர்வார்கள், வந்த பிறகு யார் என்று பார்த்துக்கொள்வார்கள். பெண்கள் முந்தின நாளே அழுது முடித்துவிடுவதால் சாவன்றைக்குத் தொண்டை கட்டிப்போய் வெறுமனே தலையை ஆட்டுவார்கள். ஒரு தடவை வெடி கேட்டதும் ஒருத்தன் தனக்குத்தான் என்று பயந்து, கவுண்டர் வீட்டுப் பலாப்பழங்களைத் தொடர்ந்து ஆறு வருஷம் திருடியது தான்தான் என்று ஊரைக் கூட்டி ஒப்புக்கொண்டான். செத்தது வேறு ஆள். இவன் அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்தப் பலாப்பழத்தோடு வாழ்ந்தான்.

காட்டிலாகாக்காரர் ஒருவர் சத்தம் கேட்டு ஓடி வந்து குழலை மோந்து பார்த்தார், மருந்து வாசனையே இல்லை. எப்போ சுட்டீங்க என்றார். நாளைக்குங்க என்றார் கவுண்டர். அவர் விடவில்லை, தங்கியிருந்து மறுநாள் என் பக்கத்திலேயே நின்றார், நான் சுட்டேன், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, எழுதவும் ஒன்றுமில்லை, சாமைச் சோறு தின்றுவிட்டுப் போனார். எலெக்சன் சமயத்தில் துப்பாக்கியை ஸ்டேசனில் ஒப்படைக்க வேண்டும், ஒரு வருஷம் அந்த மாதத்தில் கோவிந்தன் செத்தான், சுட வழியில்லை, அதனால் முந்தின நாள் சத்தமும் வரவில்லை. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிட்டானே என்று ஊரே அந்தக் குடும்பத்தோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்குப் பேர் வந்துவிட்டது. கெட்டிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரா, இந்த ஏத்தக்கால் ஆடுது, பாரு. கெட்டிக்காரா, என் மகளுக்கு மாப்பிள்ளை சரியா வருமா சொல்லு. நானும் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னேன். அண்ணி மட்டும் ஒரு தரம், கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏன்டா தம்பி, அந்தச் சத்தம் சாவறதுக்கு முன்னால வருதா, சுடறதுக்கு முன்னால வருதா?"

ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி என்றேன். அவள் ஒரு களைச் செடியைப் பிடுங்கி வேர் மண்ணைத் தட்டினாள். 

இனிமேல்தான் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியது.

ஏழாவது வருஷம், மாசி மாதம், இடுகாட்டில் வெடி கேட்டது. கடுக்காய் மரத்து நிழல் வெள்ளைப் பாறையைத் தொடுகிற நேரம். அரிவாளை வைத்தோம், முகம் பார்த்தோம். அந்த மாசியில் ஊரில் கிடக்கையில் கிடந்த ஆள் ஒருவர்தான். என் அண்ணி. காய்ச்சல், கால் வீக்கம், மூன்று நாளாக வெளியே வரவில்லை. வேறு யாரையும் யாரும் தேடவில்லை. நாற்பது வீட்டு முகமும் ஒரு வீட்டுப் பக்கம் திரும்பியது, கடைசியாகத் திரும்பியது என் முகம், ஆனால் திரும்பிவிட்டது.

சாயங்காலத்துக்குள் சனம் கூடிவிட்டது. அவளுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அவள் ஆடுகளை யார் யார் ஓட்டிக்கொண்டு போவது என்று அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்று பேசினார்கள், பேசியபடி ஓட்டிக்கொண்டும் போனார்கள். ஏழு ஆடு. அவளுடைய வெண்கலக் குண்டானைக் கவுண்டரின் அக்கா பூங்காவனம் கழுவி வைத்துக்கொண்டாள். பலா மரம் என் பங்கு என்றார்கள். நான் சரி என்றேன். அப்புறம் கடப்பாரையை எடுத்து அவள் வீட்டு வாசல் கல்லிலேயே தீட்டினேன், அந்தக் கல்தான் நல்ல கல், இடுகாட்டுக்குப் போய் அண்ணன் பக்கத்தில் குழி வெட்டினேன். அவள் குள்ளம் என்பதால் நீளம் குறைத்து வெட்டினேன். அண்ணன் மழையில் கிடந்ததுபோல இவளும் கிடக்கக் கூடாது, எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நல்ல பிள்ளைதானே நான், அதனால் வீட்டுக்கு வந்து துப்பாக்கிக்கு மருந்து போட்டுக் கெட்டித்து, கேப்பு மாட்டி, கேப்பைச் சுற்றி மெழுகு வைத்து ஆணியில் மாட்டினேன். அவளைப் பார்க்கப் போனபோது இருட்டவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"யாருக்குடா வெடி கேட்டுச்சாம்?"

"தெரியல அண்ணி."

"உன் காலெல்லாம் செம்மண்ணு."

நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்தது. அவள் சாகவில்லை. வாசலில் சனம் உட்கார்ந்திருந்தது. பால் ஊற்றலாம் என்றார்கள், உறவுமுறையில் முதல் ஆள் நான்தான், கரண்டியால் அவள் வாயில் பாலை விட்டேன். குடித்தாள். இன்னொரு கரண்டி விட்டேன், அதையும் குடித்தாள், கையை நீட்டி டம்ளரையே வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்சம் சூடா இருந்தா நல்லாயிருக்கும் என்றாள். வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள், சிரித்தவரை மற்றவர்கள் அதட்டினார்கள். வெயில் ஏறியது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரும்பி ஏறி இறங்க வேண்டிய தூரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கவுண்டர் நிழலைப் பார்த்தார். நேத்து கேட்ட சத்தத்துக்கு இன்னைக்குச் சுட்டாகணுமே, பொய்யாப் போயிடுமே என்றார். கவலைதான் அவருக்கு, நல்ல மனுஷன், அந்த மாதிரிக் கவலைப்பட்டுத்தான் நாங்கள் எல்லோரும் அங்கே நின்றோம்.

அப்போது பூங்காவனம் மெதுவாகச் சொன்னாள். "தலைக்கு நல்லா எண்ணெய் வச்சு, ரெண்டு குடம் பச்சத் தண்ணி ஊத்திட்டா, உசுரு சிரமப்படாம இறங்கிரும்."

காய்ச்சல் உடம்பு, வீங்கின கால், மாசிக் குளிரில் மலைச்சுனைத் தண்ணீர். அவள் சொன்னது என்ன என்று யாருக்கும் விளங்காமல் இல்லை. ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் நான் சொந்தம், நான் கெட்டிக்காரன். என் தலை ஆடியது. என் தலைதான், வேறு யாருடையதும் இல்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் தீர்ந்திருந்தது, கவுண்டர் வீட்டுக்குப் போய்க் கிண்ணத்தில் ஆமணக்கெண்ணெய் வாங்கி வரக் கிளம்பினேன். மெதுவாக நடந்தேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசை. வேகமாகத்தான் நடந்தேன்.

பெண்கள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பின்பக்கம் துவைகல்லில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் மறுக்கவில்லை. நல்லாக் குளிர்ந்த தண்ணியா மேல் சுனையிலருந்து மொண்டுட்டு வாங்கடி என்று சொல்லியிருக்கிறாள். இவர்களும் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கிருந்து என் வீட்டுப் பின்கதவு பத்து எட்டுத் தூரம்.

நான் கிண்ணத்தோடு என் வீட்டைக் கடந்தபோது கதவு திறந்திருந்தது. ஆணி காலியாக இருந்தது.

எண்ணெய் சிந்தாமல் ஓடினேன். ஏன் சிந்தாமல் ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் இடுகாட்டில், நான் வெட்டிப் போட்ட மண்குவியலின் மேல், வீங்கின காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் துப்பாக்கி கிடந்தது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் துப்பாக்கியைத் தூக்கியதில்லை, யாரும் தூக்கக் கூடாது என்று சொன்னதுமில்லை, தூக்கியதில்லை அவ்வளவுதான். எனக்குப் பின்னால் ஊர் வந்து நின்றது. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"தம்பி, நேத்து எந்நேரத்துக்குக் கேட்டுச்சு?"

"கடுக்காய் மரத்து நிழல் பாறையைத் தொட்டப்ப, அண்ணி."

அவள் நிழலைப் பார்த்தாள். "இன்னும் நாலு விரக்கடை இருக்கு. உட்காருங்க எல்லாரும்."

நாற்பது வீடும் உட்கார்ந்தது. தோண்டின குழியைச் சுற்றி, விருந்துக்குப் பந்தியில் உட்காருகிற மாதிரி. நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு இரைத்தது, நெற்றியில் வியர்வை, காய்ச்சல் விடுகிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"என்னது கையில?"

"எண்ணெய்."

"யாருக்கு?"

கிண்ணத்தைக் குழியின் கரையில் கீழே வைத்தேன். நாற்பது வீடும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தது. அவளும் இன்னொரு தரம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் யாராவது ஒரு பொய்யாவது சொல்லியிருப்போம், அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை. நிழல் பாறையைத் தொட்டது. அவள் எழுந்து நின்றாள். நான் எப்படிச் செய்வேனோ அப்படியே குதிரையைப் பின்னால் இழுத்தாள், கட்டையைத் தோளில் வைத்தாள், வானத்தைப் பார்த்து விசையை இழுத்தாள். குதிரை விழுந்தது. உதைத்த உதையில் ஒரு அடி பின்னால் போனாள். புகை வந்து அவள் நரைமுடியைச் சுற்றியது. சத்தம் இல்லை. காக்காய்கள் அசையவில்லை.

அந்த நிசப்தத்தில்தான் எங்களுக்கு விளங்கியது. நேற்று நாங்கள் கேட்டது இதைத்தான். அந்த வெடி யாரையும் சாகச் சொல்லவில்லை, நாளைக்கு யாரோ ஒருவர் விசையை இழுப்பார்கள் என்று மட்டும்தான் சொல்லியது, மீதி அத்தனையும் நாங்கள் சொல்லிக்கொண்டது.

"வெடிச்சாச்சு. மண்ணைத் தள்ளு" என்றாள்.

வெறும் குழிக்கு மண் தள்ளினேன். ஒரு பிணத்துக்கு எவ்வளவு தள்ளுவேனோ அவ்வளவும் தள்ளினேன், பிணம் இல்லாததால் மண் போதவில்லை, குழி பள்ளமாகவே நின்றது, பக்கத்துக் கரையைக் கையால் வழித்துப் போட்டேன். யாரும் எனக்கு உதவிக்கு வரவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. அவள் நான் கீழே வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து, விரலால் தொட்டு, புகை படிந்த காம்புக்குத் தடவினாள். துப்பாக்கியைக் கொடுத்தாள். மிச்ச எண்ணெயைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கைத்தாங்கல் கொடுக்க ஒரு கை நீளவில்லை. எந்தக் கையை நீட்டுவது?

மறுநாள் விடியும்போது அவள் கொட்டாய்க் கம்பத்தில் மூன்று ஆடு கட்டியிருந்தது, அதற்கு மறுநாள் இன்னும் நாலு. யார் கட்டினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. குண்டான் வாசலில் கவிழ்ந்திருந்தது, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. அவள் குண்டானில் களி கிண்டினாள், ஆடு மேய்க்கப் போனாள், எதிரில் வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தாள், விசாரிக்கப்பட்டவர்கள் பாதையோரத்துச் செடியில் எதையோ தேடினார்கள். பூங்காவனம் அதன் பிறகு அந்தத் தெரு வழியாகத் தண்ணீருக்குப் போகவில்லை, மலையைச் சுற்றிக்கொண்டு போனாள், சாகிறவரைக்கும் அப்படித்தான் போனாள். அதன் பிறகும் வெடிகள் வந்தன, சாவுகளும் வந்தன. ஆனால் வெடி கேட்டால் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என்னைக் கெட்டிக்காரன் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், நானும் ஏன் என்று கேட்கவில்லை.

குதிரையையும் காம்பையும் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பவும் திரியே போட்டுவிடலாம் என்று ஒரு தரம் அரத்தை எடுத்தேன். அவள்தான் வேண்டாம் என்றாள், அதுமேல என்ன தப்பு, பாவம் என்றாள். அன்னிக்கு நடந்ததுக்கு, அண்ணி, என்று ஆரம்பித்து நான் எத்தனையோ தரம் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அவள், குட்டி ஆடு கஞ்சித்தண்ணி குடிக்கலடா, போய் என்னன்னு பாரு என்று அனுப்பிவிடுவாள். போய்ப் பார்ப்பேன். குட்டி நன்றாகக் குடித்துக்கொண்டிருக்கும். ஒன்பது வருஷம் அவள் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள், ஒன்பது வருஷமும் போனேன், ஒரு கவளமும் தலை நிமிர்ந்து தின்றதில்லை. அந்தப் பலா மரத்தில் பழுத்த முதல் பழத்தை வருஷா வருஷம் என் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்புவாள்.

ஒன்பதாவது வருஷம் பங்குனியில் ஒருநாள் தடி ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்து, துப்பாக்கியைத் தொடைச்சு வச்சிருக்கியா என்றாள். நேத்துதான் காம்பைக் கழட்டித் தொடைச்சேன், கையாலதான் திருகி வச்சிருக்கேன், இன்னும் இறுக்கலை என்றேன். எடு, பாக்கலாம் என்றாள். மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய் மோர் இருந்தாக் குடுடா என்றாள். எங்கள் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். நான் வந்தபோது துப்பாக்கி சுவரோரம் சாய்ந்திருந்தது, அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோரை முழுக்கக் குடித்தாள். போகும்போது என் தலையில் கையை வைத்தாள், ஐந்து வயசில் வைத்த மாதிரி. நான் துப்பாக்கியை எடுத்து ஆணியில் மாட்டினேன், பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஆடுகள் கத்துவதைக் கேட்டுப் போய்ப் பார்த்தபோது அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், போய்விட்டிருந்தாள். முந்தின நாள் வெடி கேட்கவில்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. யாரும் அவள் வாசலில் உட்கார்ந்து நிழலைப் பார்க்கவில்லை, யாரும் குழி வெட்டி வைக்கவில்லை, யாரும் ஆட்டைப் பிரிக்கவில்லை. கடைசி நாள் அவள் ஆடு மேய்த்தாள், களி கிண்டினாள், ராமாயி வீட்டுக் குழந்தைக்குப் பேன் பார்த்தாள், எங்கள் நாற்பது வீட்டில் ஒருவரும் அவளை, இவள்தானா என்கிற பார்வை பார்க்கவில்லை.

பழைய பள்ளம் இருந்த இடத்திலேயே வெட்டினோம். இறக்கினோம். மண் தள்ள வெடி வேண்டுமே. சத்தம்தான் நேற்று வரவில்லையே, பிறகு எப்படிச் சுடுவது என்று கவுண்டர் முணுமுணுத்தார். நான் மருந்து போட்டுக் கெட்டித்து, கேப்பு டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்து மாட்டப் போனேன். மாட்ட இடம் இல்லை. காம்பு இருந்த இடத்தில் நான் மரை வெட்டிய துளை மட்டும் இருந்தது, விரலை வைத்தேன், உள்ளே இருட்டு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். குழிக்குள் இறங்கினேன், அண்ணன் முகத்துக்கு மேலே சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாளே, அதற்குப் பக்கத்தில்தான் என் கால் இருந்தது. அவள் முந்தானை முடிச்சு கெட்டியாக இருந்தது, பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. ஒரு வெற்றிலை, பாதிக் கொட்டைப்பாக்கு, ஒரு துண்டுத் துணி. அந்தத் துணிக்குள் காம்பு. இன்றைக்குச் சுட வழியில்லாவிட்டால் நேற்றுச் சத்தமும் வராது என்று கோவிந்தன் சாவிலேயே பார்த்துவைத்தவள் அவள். துருப் பிடிக்காமல் இருக்க, அன்றைக்கு மிஞ்சிய அந்தக் கிண்ணத்து எண்ணெயைத் தடவி வைத்திருந்தாள்.